மூச்சு விடாமல் பேசுவது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், செய்முறைத் தேர்வு நடத்துவதற்காக வேறொரு கல்லூரிக்குப் புறத்தேர்வாளராகச் சென்றிருந்தேன். எஃகுக் கம்பியின் யங் குணகத்தைக் காண்பது அன்றைய சோதனைகளுள் ஒன்று. கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்துகொண்டிருந்த மாணவன் ஒருவனிடம் போய், "தம்பி, உன் கருவிக்குச் சுழிப்பிழை எவ்வளவு?" என்று கேட்டேன்.

இரண்டு மூன்று சொற்களில் முடிந்திருக்க வேண்டிய விடை. அவனோ மீச்சிற்றளவின் இலக்கணத்தில் தொடங்கினான். அங்கிருந்து வெர்னியர் அளவிக்குத் தாவி, ஹூக் விதியைத் தொட்டு, இரப்பரைவிட எஃகுக்கே மீள்தன்மை மிகுதி என்று நிறுவி, சோதனைச் சாலையில் மின்விசிறி சுற்றினால் கம்பி ஆடும் என்பதுவரை வந்துவிட்டான். நான் தலையை ஆட்டியதையும் அவன் பார்க்கவில்லை. "சரி, சரி" என்றதையும் கேட்கவில்லை. இரண்டு முறை கேள்வியை நினைவூட்டினேன். "ஆமாம் சார், சுழிப்பிழை சார், சுழிப்பிழை என்பது..." என்று மறுபடியும் முதலிலிருந்து புறப்பட்டான். கடைசியில் கையமர்த்தி நிறுத்தினேன். 'நெட்டுருப் போட்டதைக் கொட்டுகிறான். கேட்டது புரியவில்லை' என்று எண்ணி, வாய்மொழித் தேர்வுக்கு மிகக் குறைவாகவே மதிப்பெண் இட்டேன்.

மாலையில் விடைத்தாள்களைத் திருத்தியபோது அவனுடைய தாளும் வந்தது. முதல் பக்கத்திலேயே, 'சுழிப்பிழை: மைனஸ் 3 பிரிவு, திருத்தம்: பிளஸ் 0.03 மி.மீ.' என்று தெளிவாக எழுதியிருந்தான். ஒவ்வோர் அளவீட்டிலும் திருத்தத்தைத் தவறாமல் சேர்த்திருந்தான். எஃகின் யங் குணகத்துக்கு அன்று அந்த அறையில் கிடைத்த மதிப்புகளுள், உண்மை மதிப்புக்கு மிக அருகில் இருந்தது அவனுடையதே. ஆனால் வாய்மொழி மதிப்பெண் பட்டியலில் நான் கையொப்பமிட்டு உறையிலிட்டு முடித்துவிட்டேன்.

விடை அவனுக்குத் தெரியும். நான் கேட்டதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே தன் கையால் எழுதியும் வைத்திருக்கிறான். பின் ஏன் அதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னான்? இந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. நான் உளவியல் படித்தவனல்லன். ஆயினும் குரல் என்பது ஒலி, ஒலி என்பது இயற்பியல் என்ற உரிமையில், இதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். அவற்றுள் உங்களுக்குப் பயன்படக் கூடியவற்றை இங்கே சொல்கிறேன். உங்களுக்கும் இவ்வாண்டு 'வைவா' உண்டன்றோ?

அபாய மணி

அச்சத்தின்போது உடலில் நிகழும் மாறுதல்களை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன். வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் உண்டாகும் மாற்றங்களைப் பற்றி 1915ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். எதிர்த்துப் போராடு, இல்லையேல் தப்பி ஓடு. இவ்விரண்டில் ஒன்றுக்கு உடல் தன்னை ஆயத்தப்படுத்திக் கொள்கிறது என்பது அவர் கண்டது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது. தசைகளுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. மூச்சு மேலெழுகிறது. செரிமான வேலை ஒத்திப் போடப்படுகிறது; ஆகவே உமிழ்நீர் குறைந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொள்கிறது.

இந்த மணியை அடிப்பதில் பெரும்பங்கு வகிப்பது, மூளையின் உட்புறத்தில் பாதாம் பருப்பின் வடிவில் உள்ள அமிக்டலா என்ற பகுதி. அது புலியையும் புறத்தேர்வாளரையும் பிரித்தறிய நேரம் எடுத்துக் கொள்வதில்லை. முதலில் மணியை அடித்துவிடுகிறது, விசாரணை பிறகுதான்.

தேர்வுக் கூடத்தில் எதிர்த்துப் போராட முடியாது, ஓடவும் முடியாது. ஓட்டத்துக்காகத் திரட்டப்பட்ட ஆற்றல் எங்கேதான் போகும்? சிலரிடம் அது காலாட்டுவதில் போகிறது. சிலரிடம் நகம் கடிப்பதில். அச்சம் எல்லோரையும் பேசவைப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பலருக்கு வாயடைத்துப் போகிறது. ஆனால் சிலரிடம் வாய் திறந்துகொள்கிறது. திறந்த வாய் மூடுவதில்லை.

அச்சமுற்றவர் மற்றவர் துணையைத் தேடுவார் என்பதற்குச் சோதனைச் சான்றே உண்டு. மினசோட்டாப் பல்கலைக் கழகத்தில் ஸ்டான்லி ஷாக்டர் செய்து, 1959ல் நூலாக வெளியிட்ட ஆராய்ச்சி இது. மின் கருவிகள் நிறைந்த ஓர் அறைக்கு மாணவிகள் அழைத்து வரப்பட்டனர். ஒரு குழுவினரிடம், உங்களுக்குக் கடுமையான மின் அதிர்ச்சி தரப் போகிறோம் என்று சொல்லப்பட்டது. மறு குழுவினரிடம், ஏதோ கூச்சம் போல் இருக்கும், வலிக்காது என்றார்கள். கருவியைச் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆகும். தனியறையில் காத்திருக்கிறீர்களா, மற்றவர்களோடா என்று பிறகு கேட்டார்கள். கடும் அதிர்ச்சி என்று கேள்விப்பட்ட 32 பேரில் 20 பேர் மற்றவர்களோடிருக்க விரும்பினர். மறு குழுவின் 30 பேரில் அவ்வாறு விரும்பியவர்கள் 10 பேரே. (மின் அதிர்ச்சி யாருக்கும் தரப்படவில்லை. கேள்வி கேட்டதோடு சோதனை முடிந்தது.)

இது பேச்சைப் பற்றிய சோதனையன்று. ஆயினும் எதிரே இருப்பவரை நழுவ விடாமல் பிடித்து வைக்க, பேச்சைப் போலச் செலவில்லாத கயிறு வேறில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில், அறுவைச் சிகிச்சை முடிவதற்காகக் காத்திருக்கும் உறவினர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்களுள் ஒருவராவது, முன்பின் தெரியாதவரிடம் தம் ஊர் வாய்க்கால் தகராறு முதல் பேருந்துக் கட்டணம்வரை பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே படுத்திருப்பவரைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

குரலின் இழுவிசை

இனி, அச்சத்தின்போது குரலுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். பேசுவதற்கு வேண்டிய அழுத்தம் எவ்வளவு என்பதை நீங்களே அளக்கலாம். உயரமான கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சுகுழல் ஒன்றை அதன் முனை நீர்மட்டத்துக்கு 6 செ.மீ. கீழே இருக்குமாறு பிடித்துக்கொண்டு, குமிழி வரும்வரை மெல்ல ஊதுங்கள். இயல்பாகப் பேசும்போது குரல்நாண்களுக்குக் கீழே காற்று தரும் அழுத்தம் ஏறத்தாழ இவ்வளவுதான். ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் 588 பாஸ்கல் கிடைக்கும். வளிமண்டல அழுத்தத்தில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! இவ்வளவு சிறிய அழுத்தத்தில் குரல்நாண்கள் அதிர்கின்றன. ஆண்களிடம் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 125 முறை, பெண்களிடம் 200 முறை அளவில்.

சுரமானிச் சோதனையை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். கம்பியின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். குரல்நாண் என்பது தசையும் சவ்வும் சேர்ந்த மடிப்பு. சுரமானிக் கம்பியைப் போன்ற எளிய பொருளன்று. ஆயினும் இழுவிசை கூடினால் சுருதி ஏறும் என்ற போக்கு இரண்டுக்கும் பொது. அச்சத்தில் உடல் தசைகள் இறுகும்போது குரல்வளைத் தசைகளும் இறுகுகின்றன. குரல் கீச்சிடுவது இதனால்தான்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1937 மே 6ஆம் நாள், ஜெர்மனியின் 'ஹிண்டன்பர்க்' என்ற மாபெரும் ஆகாயக் கப்பல் 97 பேருடன் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் லேக்ஹர்ஸ்ட் தளத்தில் இறங்க வந்தது. சிகாகோ வானொலி நிலையம் ஒன்றைச் சேர்ந்த ஹெர்பர்ட் மாரிசன் அங்கு நின்று வர்ணனை செய்ய, அது இசைத்தட்டில் பதிவாகிக்கொண்டிருந்தது. திடீரென்று கப்பல் தீப்பற்றியது. ஹைட்ரஜன் நிரம்பிய அந்தக் கப்பல் எரிந்து தரையில் விழ அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆயிற்று. கப்பலில் இருந்தவர்களுள் 35 பேரும், தரையில் நின்ற பணியாளர் ஒருவரும் உயிரிழந்தனர்.

அந்த இசைத்தட்டில் விபத்துக்கு முன்னும் பின்னும் உள்ள குரல்களை, வில்லியம்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1972ல் வெளியான ஆய்வொன்றில் ஒப்பிட்டார்கள். விபத்துக்குப்பின் குரலின் அடிப்படை அதிர்வெண் உயர்ந்திருந்தது. ஏற்ற இறக்கங்களும் ஒழுங்கு குலைந்திருந்தன. இதில் ஓர் இயற்பியல் நுட்பம் உண்டு. பதிவு செய்யும்போது தட்டு சற்று மெதுவாகச் சுழன்றதாகவும், அதனால் வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது மாரிசனின் குரல் உண்மையில் இருந்ததைவிட உயர்ந்து கேட்கிறது என்றும் பின்னர் கண்டறிந்தார்கள். அப்படியானால் ஒப்பீடு பொய்யாகிவிடுமா? ஆகாது. தட்டின் வேகம் மாறினால் எல்லா அதிர்வெண்களும் ஒரே விகிதத்தில் மாறும். முன்னதும் பின்னதும் ஒரே தட்டில் ஒரே வேகத்தில் பதிவானவை. ஆதலால் அவற்றின் விகிதம் மாறாது.

அந்தப் பதிவில் என்னை மிகவும் ஈர்த்தது அதிர்வெண்ணன்று. ஒரு கட்டத்தில் மாரிசன், இனித் தம்மால் முடியவில்லை, சற்று நிறுத்திக் கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு விலகிப் போகிறார். பிறகு திரும்பி வந்து தொடர்கிறார். பேச்சையே தொழிலாகக் கொண்ட மனிதர் அவர். அந்த நிறுத்தத்தைத்தான் என் மாணவனால் செய்ய இயலவில்லை.

காணாமற்போன இடைவெளி

படபடப்பில் பேசுகிறவரைப் பற்றி, 'வேகமாகப் பேசுகிறார்' என்கிறோம். நாக்கு விரைவாகப் புரள்கிறது என்று நினைக்கிறோம். இந்த எண்ணத்தை அளந்து பார்த்தவர், இலண்டன் யுனிவர்சிடி கல்லூரியில் பணியாற்றிய ஃப்ரீடா கோல்ட்மன்-ஐஸ்லர் என்ற பெண்மணி. 1950ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் அவர் பலருடைய பேச்சைப் பதிவு செய்து, கால் நொடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மௌனத்தையும் அளந்தார். முடிவு வியப்பானது. முன்னேற்பாடின்றிப் பேசும் பேச்சில், நேரத்தில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு மௌனமாகவே இருப்பது சாதாரணம்! ஒருவர் வேகமாகப் பேசுவதாகவும் மற்றவர் மெதுவாகப் பேசுவதாகவும் நமக்குத் தோன்றுவதற்குப் பெருங்காரணம், நாக்கின் வேகமன்று; இடையிடையே விடும் மௌனத்தின் அளவே. ஒலிகளை உச்சரிக்கும் வேகம் அவ்வளவாக மாறுவதில்லை.

இந்த மௌனங்களில் என்ன நடக்கிறது? அவர் ஒரு பத்திரிகையில் வந்த, சொற்களற்ற கேலிச்சித்திரத் தொடர்களை மாணவர்களிடம் காட்டினார். முதலில், படத்தில் உள்ளதை வர்ணிக்கச் சொன்னார். பின்பு, படத்தின் உட்கருத்தை எடுத்துரைக்கச் சொன்னார். வர்ணிப்பதைவிட உட்கருத்தைச் சொல்லும்போது மௌனம் மிகவும் கூடியது. அதே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது மௌனம் குறைந்துகொண்டே போனது. ஆக, இடைவெளி என்பது வெறும் வெற்றிடமன்று. அடுத்து வருவதைச் சிந்திக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. பழகித் தேய்ந்த தொடர்களுக்கு அந்த வேலை தேவையில்லை.

இப்போது என் மாணவனைப் பாருங்கள். அச்சம் அவனிடமிருந்து பறித்தது அறிவையன்று, இடைவெளியை. இடைவெளி போனால், சிந்தித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. மனப்பாடமாகத் தங்கியுள்ள தொடர்கள் மட்டுமே இடைவெளி இல்லாமல் வந்துகொண்டிருக்கும். மீச்சிற்றளவின் இலக்கணம் வரும். ஹூக் விதி வரும். 'மைனஸ் 3 பிரிவு' என்பது அன்று காலை அவனே கண்டது, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அதை நினைவிலிருந்து எடுக்க அரை நொடியோ ஒரு நொடியோ அவன் வாய் மூடியிருக்க வேண்டும்.

இடைவெளி மூச்சுக்கும் உரியது. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சின் நேரத்தில் நூற்றுக்கு 40 பங்கு உள்ளிழுப்பதற்கும், 60 பங்கு வெளிவிடுவதற்கும் ஆகிறது. பேசும்போது இது 10க்கு 90 என்று மாறிவிடுகிறது. சட்டென்று இழுத்து, நீள விட்டு, அந்த வெளிமூச்சின்மேல் சொற்களை ஏற்றி அனுப்புகிறோம். படபடப்பாகப் பேசுகிறவர் வாக்கியத்தின் நடுவே காற்றுத் தீர்ந்து, மார்பின் மேற்பகுதியால் விக்கினாற்போல் இழுத்து, மூச்சு அடங்குவதற்குள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறார். 'மூச்சு விடாமல் பேசுகிறான்' என்று நம் பாட்டிமார் சொன்னதில் உடலியலே இருக்கிறது.

ஆசிரியர்களுக்காக ஒரு பக்கவாட்டுச் செய்தி. 'அ...', 'வந்து...' என்று மாணவன் இழுத்தால் பயப்படுகிறான், படிக்கவில்லை என்று எடுத்துக் கொள்கிறோம். யேல் பல்கலைக் கழகத்தின் ஜார்ஜ் மால் 1950ஆம் ஆண்டுகளில் இதை ஆராய்ந்தார். அச்சம் மிகும்போது கூடியவை சொல் திரும்ப வருதல், திக்கல், பாதியில் விட்ட வாக்கியம், வாக்கியத்தை மாற்றித் தொடங்குதல் போன்றவையே, 'அ...' என்ற இழுப்பு அச்சத்தோடு சேர்ந்து கூடவில்லை. அந்த இழுப்பு, 'இன்னும் யோசிக்கிறேன், என் முறையைப் பறிக்காதீர்கள்' என்ற அறிவிப்பாக இருக்கலாம். அதற்காக யாரையும் அதட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

ஒலிபெருக்கியின் ஊளை

அச்சம் பேச்சைத் தொடங்கி வைக்கிறது, சரி. அது ஏன் நிற்பதில்லை? இதற்கு விடை திருவிழாப் பந்தலில் இருக்கிறது. மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் 'கூ' என்று காதைத் துளைக்கும் ஊளை எழுகிறதல்லவா? மைக்கில் நுழைந்த சிறு ஒலி பெருக்கப்பட்டு ஒலிபெருக்கியில் வருகிறது. அது மீண்டும் மைக்கில் நுழைந்து மேலும் பெருக்கப்படுகிறது. ஒரு சுற்றில் இழப்பதைவிடப் பெறுவது கூடுதலாக இருந்தால், யாரும் பேசாமலே ஊளை நீடிக்கும். இதை நேர்ப் பின்னூட்டம் என்பர்.

வாய்மொழித் தேர்விலும் இதே சுற்றுத்தான். அச்சத்தால் மாணவன் பேசுகிறான்; பேசும்வரை அடுத்த கேள்வி வராது, ஆதலால் சிறிது நிம்மதி. நிம்மதி தந்த செயலை உயிரினங்கள் மறுபடி செய்யும் என்பது உளவியலின் உறுதியான பாடங்களுள் ஒன்று. ஆனால் பேச்சு வழிதவறிப் போவதைத் தேர்வாளரின் முகம் காட்டுகிறது. முகத்தைப் பார்த்தால் அச்சம் கூடுகிறது. அச்சம் கூடினால் பேச்சு கூடுகிறது. மௌனம் அவனுக்கு நெருப்பாகச் சுடுகிறது. அன்று நான் முகத்தைச் சுளித்ததும், 'கேட்டதற்கு மட்டும் பதில் சொல்' என்றதும் மைக்கை ஒலிபெருக்கியின் வாய்க்கே கொண்டுபோன செயல்கள்.

ஊளையை நிறுத்த மைக்காரர் என்ன செய்கிறார்? சத்தத்தைக் குறைக்கிறார், அல்லது மைக்கை வேறு பக்கம் திருப்புகிறார். சுற்றில் ஏதாவதோர் இடத்தில் பெருக்கத்தைக் குறைத்தால் போதும். எல்லா இடத்திலும் குறைக்க வேண்டியதில்லை. கேட்பவர் தம் பக்கத்தில் குறைக்கலாம். பேசுபவர் தம் பக்கத்தில் குறைக்கலாம்.

கேட்பவர் பங்கை முதலில் சொல்கிறேன். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, 1970ஆம் ஆண்டுகளில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடியளவே! அதை மூன்று நொடிக்குமேல் நீட்டிக்கப் பயிற்சி அளித்தபோது மாணவர் விடைகள் விரிவடைந்தன. பொருத்தமான விடைகள் கூடின. 'தெரியாது' என்பதும் மௌனமாக நின்றுவிடுவதும் குறைந்தன. மூன்று நொடி என்பது கேட்கச் சிறிதாகத் தோன்றும். கேள்வி கேட்டுவிட்டு மாணவன் முகத்தைப் பார்த்தபடி நின்று பாருங்கள். எவ்வளவு நீளம் என்று தெரியும். இப்போதெல்லாம் நான் கேள்வி கேட்டபின் அவனுடைய குறிப்பேட்டைப் புரட்டத் தொடங்கிவிடுகிறேன். எனக்கும் பொழுது போகும். அவனுக்கும் என் முகம் தெரியாது.

பேசுபவர் பங்குக்கு வருவோம். 'பேசாதே' என்று தனக்குத்தானே கட்டளையிடுவதால் பயனில்லை. கட்டளையும் ஓர் அதட்டலே. அச்சத்தின் பெயரைச் சொல்லிவிடுவது பயன் தரலாம். லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007ல் வெளியிட்ட ஆய்வில், அச்சமோ சினமோ காட்டும் முகங்களின் படங்களைப் பார்த்தவர்களின் மூளைச் செயல்பாடு காந்த அதிர்வுப் படக்கருவியால் அளக்கப்பட்டது. முகத்திலுள்ள உணர்ச்சிக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தபோது, அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. அந்த முகத்துக்கு ஒரு பெயரைப் பொருத்தியபோது அவ்வளவு குறையவில்லை. இது ஆய்வுக் கூடத்தில் கண்டது. தேர்வறைக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் மாணவன் நான்கு நிமிடத்தில் சொன்ன நூற்றுக்கணக்கான சொற்களில், 'பயமாயிருக்கிறது சார்' என்பது மட்டும் இல்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்து மனிதரும் உள்ளே இருப்பவரைப் பற்றிப் பேசவில்லை. எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சுற்றித்தான் பேச்சு ஓடுகிறது. 'எனக்குக் கொஞ்சம் படபடப்பாக இருக்கிறது. ஒரு நிமிடம் கொடுங்கள்' என்று சொன்ன மாணவனுக்கு மதிப்பெண் குறைத்த தேர்வாளரை நான் கண்டதில்லை.

இன்னொரு வழி தண்ணீர். விழுங்கும் செயலையும் பேச்சையும் ஒருசேரச் செய்ய முடியாது. ஒரு மிடறு தொண்டையில் இறங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ள, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. பிறகு பெரும்பாலும் வெளிமூச்சோடு தொடர்கிறது. வறண்ட வாய் நனைகிறது. வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகும், உள்மூச்சின்போது சற்று விரையும் என்பது உங்கள் வயதினரிடம் நன்கு தெரியும். அமைதியாக உட்கார்ந்து, மெதுவாக மூச்சு விட்டபடி மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். ஆகவே ஒரு மிடறு தண்ணீரும் ஒரு நீண்ட வெளிமூச்சும் சேர்ந்தால், பறிபோன அந்த ஒரு நொடி எவரும் அறியாமல் திரும்பக் கிடைக்கிறது. நான் தேர்வாளராகப் போகும் இடங்களில் மேசைமேல் ஒரு கூஜாவும் தம்ளர்களும் வைக்கச் சொல்கிறேன். கண்ணாடிக் கருவிகளுக்கு அருகில் தண்ணீரா என்று ஆய்வக உதவியாளர்கள் முணுமுணுப்பதுண்டு.

இது வேறு, அது வேறு

தேர்வு முடிந்ததும் அடங்கிவிடும் பேச்சைப் பற்றியே இதுவரை சொன்னேன். சிலரிடம் பேச்சு நாள்கணக்கில் அடங்காது. தூக்கம் மிகக் குறைந்தும் களைப்புத் தெரியாது. ஒரு செய்தியிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணம் பறக்கும். பணத்தைக் கணக்கின்றிச் செலவழிப்பார்கள். இது படபடப்பன்று. இருமுனை மனநோயின் எழுச்சி நிலையாக இருக்கலாம். தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பதும் மனத்தை ஓரளவு இவ்வாறு அலைக்கழிக்கக் கூடும். இரண்டுக்கும் மருத்துவம் உண்டு. வீட்டில் யாரிடமாவது இவ்வாறு கண்டால், 'வாயாடி' என்று கேலி செய்யாமல் பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். படபடப்பே அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தாலும் அவ்வாறே. மைய அரசு 2022ல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

செய்து பாருங்கள்

இதற்கு இரண்டு பேரும் ஒரு கைப்பேசியும் போதும். பழைய வார இதழ் ஒன்றிலிருந்து சொற்களற்ற நகைச்சுவைப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படத்தில் உள்ளதை ஒரு நிமிடம் வர்ணிக்குமாறு நண்பனிடம் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அடுத்து, அந்த நகைச்சுவை எதில் இருக்கிறது என்பதை ஒரு நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். பதிவைப் போட்டுக் கேட்டு, ஒவ்வொன்றிலும் தெளிவாகத் தெரியும் மௌனங்களை எண்ணுங்கள். பின்னர் அதே விளக்கத்தை ஐந்து முறை தொடர்ந்து சொல்ல வைத்து, எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று அட்டவணையிடுங்கள். ஆறாம் முறை, வகுப்பு ஆசிரியரை அருகில் வந்து நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பேசத் தொடங்குமுன் நண்பனின் நாடித் துடிப்பை எண்ணி, அட்டவணையின் கடைசிப் பத்தியில் குறிக்க மறவாதீர்கள்.